மாவு, மீட்டர், முத்துநகர்

இரண்டு லிட்டர் கிரைண்டரில் அரைத் தம்ளர் உளுந்து அரைபடாது. குழவி சும்மா உருளும். உளுந்து சுவரில் ஏறி ஒட்டிக்கொள்ளும், வழித்து வழித்துத் தள்ளினாலும் பொங்கி வராது. கழுவுகிற தண்ணீரோடு போகும் மாவிலேயே ஒரு தோசை சுடலாம். மூன்று வருஷம் முன்னால் மகள் சென்னைக்குப் போனபோது இது உறைக்கவில்லை, பையன் இரண்டு பேர் தோசையைத் தின்கிறவன். இந்த வருஷம் அவனும் கோயம்புத்தூர் போன பிறகுதான் கிரைண்டர் எங்களுக்குப் பெரிதாகிவிட்டது தெரிகிறது. பழையபடி நாலுக்கு ஒன்று போட்டு ஆட்டி ஃபிரிட்ஜில் வைத்தால், ஐந்தாம் நாள் ஊத்தப்பத்துக்குத்தான் லாயக்கு. பாக்கெட் மாவு என்றால் இவர் முகத்தைச் சுளிக்கிறார்.

எதிர்வீட்டு அக்காவுக்கும் இதே கதை. பெண்கள் இருவரும் ஓசூரில். அதனால் முறை வைத்துக்கொண்டோம். ஒரு வாரம் அக்கா ஆட்ட வேண்டும், மறுவாரம் நான். தூக்குச்சட்டி தெருவைத் தாண்டிப் போய் வருகிறது. அக்கா வெந்தயம் தாராளமாகப் போடுகிறார். அந்த வார இட்லி நல்ல மெதுவாக இருக்கும், நிறம்தான் கொஞ்சம் மங்கல். என் வாரத்து இட்லியைப் பற்றி அவர்கள் வீட்டில் என்ன சொல்கிறார்களோ, நான் கேட்டுக்கொள்ளவில்லை.

*

"வீடே வெறிச்சுன்னு இருக்குமே?" கோயிலில், கல்யாண வீட்டில், ரேஷன் கடை வரிசையில், எல்லாரும் கேட்கிறார்கள். என்னிடம் மட்டும். இவரிடம் ஒருத்தரும் கேட்பதில்லை. ஆம்பளைக்கு வீடு வெறிச்சிடாது போலிருக்கிறது.

பையன் விட்டுப்போன சைக்கிளுக்குச் செயின் எண்ணெய் போட்டுக் காற்றடித்து வைத்தவர் இவர்தான். இப்போது பால் வாங்க அதில்தான் போகிறார். பைக் திண்ணையோரம் தூசி படிந்து நிற்கிறது. கேட்டால், "முட்டிக்கு நல்லதாம்" என்கிறார். எந்த டாக்டர் சொன்னார் என்று நான் கேட்பதில்லை.

*

கரண்டுக் கணக்கு இரண்டு மாசத்துக்கு ஒரு தடவை. முதல் 100 யூனிட் இலவசம் என்பது எல்லாருக்கும் தெரியும். 500-ல் இருக்கிற வில்லங்கம் பலருக்குத் தெரியாது. 500-ஐத் தாண்டினால் மேலே போன யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை, கீழே இருக்கிற 101 முதல் 200 வரைக்கும் கிடைத்துவந்த குறைந்த விலையும் போய்விடும். ஒரு யூனிட் கூடினதற்கு 200 ரூபாய்க்கு மேல் தண்டம். கோடை வந்தால் பையன் ரூம் ஏசியும் அவன் கம்ப்யூட்டரும் சேர்ந்து எங்களை அந்தக் கோட்டுக்கு அந்தப்பக்கம் தள்ளிவிடும். ஒவ்வொரு தடவையும் வீட்டில் சண்டை.

இந்தத் தடவை ரீடிங் எடுக்க வந்தவர் மீட்டரைப் பார்த்துவிட்டு, "வீட்டைப் பூட்டிட்டு ஊருக்குப் போயிட்டீங்களாக்கா?" என்றார். இவருக்கு ஒரே சந்தோஷம். அட்டையை எதிர்வீடு வரைக்கும் கொண்டுபோய்க் காட்டினார்.

அந்தச் சந்தோஷம் மெஸ் பில் வரும்வரைதான். அவன் ஹாஸ்டலில் டிவைடிங் சிஸ்டம். அந்த மாசம் சமையலுக்கு ஆன செலவைக் கூட்டி, தலைக்கு இவ்வளவு என்று பிரித்துவிடுவார்கள். தக்காளி விலை ஏறினால் பில்லும் ஏறும். ஊருக்கு வருகிற நாட்களை முன்கூட்டி எழுதிக் கொடுத்தால் கழிப்பார்கள். இவன் எழுதிக் கொடுத்தால்தானே! சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டியிருக்கிறது என்று புலம்புகிறவன், சாப்பிடாத சாம்பாருக்கும் காசு கட்டுகிறான். அதாவது நாங்கள் கட்டுகிறோம்.

*

மகள் ஒரு ஏற்பாடு செய்து வைத்தாள். யுபிஐ சர்க்கிள் என்று பெயர். அப்பா கணக்கிலிருந்தே தம்பி தன் போனில் பணம் கட்டலாம். மாசம் 15,000 ரூபாய் வரை அனுமதி உண்டு, நாங்கள் அதில் பாதிகூட வைக்கவில்லை. அவன் எது வாங்கினாலும் அந்த நிமிஷமே இவர் போனில் டிங் என்று வந்து விழும்.

இப்போது இவர் பையனுக்குப் போன் பண்ணுவதே இல்லை. டிங்கை வைத்தே எல்லாம் சொல்கிறார். "காலேல பேக்கரில முப்பது ரூவா. மெஸ்ஸுல பொங்கல் போட்டிருப்பாங்க, சாப்பிடல." கோயம்புத்தூரில் தெருவுக்குத் தெரு பேக்கரி, டீயும் அங்கேதான், பஜ்ஜியும் அங்கேதான். "ராத்திரி பதினொன்னே முக்காலுக்கு ஜெராக்ஸ் கடை. பரீட்சை நெருங்கிட்டு." "ரெண்டு நாளா ஒன்னுமே வரல, எவனோ வாங்கிக் குடுக்கான்."

எனக்கு இது பிடிக்கவில்லை. அம்மா மூன்று தடவை போன் பண்ணினால் தொணதொணப்பு, அப்பா முப்பது ரூபாய் டீயும் பன்னும் வரைக்கும் துப்புத் துலக்கினால் அக்கறையா? பதினெட்டு முடிந்த பையன். மாசம் பிறந்ததும் ஒரு தொகையை அவன் கணக்கில் போட்டுவிட்டு நம் போனை மூடி வைக்க வேண்டும், இருபதாம் தேதி காசு தீர்ந்தால் தீரட்டும் என்பது என் கட்சி. அடுத்த மாசம் பார்க்கலாம் என்று இவர் சொல்லிச் சொல்லியே செமஸ்டர் முடியப்போகிறது.

*

அத்தைக்கு எங்கள் கவலை எதுவும் புரிவதில்லை. இவரைப் பாளையங்கோட்டையில் ஹாஸ்டலில் விட்டபோது மாசத்துக்கு ஒரு இன்லேண்ட் லெட்டர் வருமாம். மேலே பாதிக்கு நலம், நலமறிய ஆவல். கீழே பாதிக்குப் பணம். "அது வரலன்னாத்தான் நிம்மதி, கையில காசு இருக்குன்னு அர்த்தம்" என்கிறார்.

*

குதிரைவாலிச் சோறும் கருவாட்டுக் குழம்பும். கரிசக்காட்டில் பிறந்துவிட்டு இதை எத்தனை வருஷம் சமைக்காமல் இருந்திருக்கிறேன்! பிள்ளைகளுக்குக் கருவாட்டு வாடை ஆகாது, குதிரைவாலி தொண்டையில் அடைக்கும். அவர்களுக்கு ஃபிரைட் ரைஸ், சப்பாத்தி, உருளைக்கிழங்கு. பெரியவர்கள் மூன்று பேரும் அதையே தின்றோம். போன வாரம் இவர், "கம்பு கெடச்சா கூழு காய்ச்சேன், மோர் மொளகா வேற இருக்குல்லா" என்றபோதுதான், கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இவர் வாய்விட்டு ஒரு சாப்பாடு கேட்டதே இல்லையே என்று பட்டது. வீட்டில் யார் கேட்பது நடந்தது? பிள்ளைகள் கேட்டது. இப்போது எங்கள் முறை. இதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

*

மகள் படிப்பது கிண்டியில். 1794-ல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கல்லூரி. இவர் வேலை பார்ப்பது நில அளவைத் துறையில், அதனால் அந்த வருஷத்தை யாரிடமும் சொல்லாமல் விடமாட்டார்.

முன்பெல்லாம் கோவில்பட்டியில் பஸ் ஏறினால் விடியற்காலை கத்திப்பாராவில் இறங்கிக்கொள்வாள். 2023 கடைசியில் கிளாம்பாக்கம் திறந்தபின் தென்மாவட்ட பஸ் அங்கேயே நின்றுவிடுகிறது. மூட்டையோடு இன்னொரு பஸ் மாற வேண்டும். ரயில்தான் வசதி. முத்துநகரோ நெல்லையோ, தாம்பரத்தில் இறங்கி மின்சார ரயிலில் கிண்டி.

டிக்கெட்தான் பாடு. 2024 நவம்பரிலிருந்து 120 நாள் முன்பதிவு 60 நாளாகிவிட்டது. ஜனவரி 13 ராத்திரி ரயிலுக்கு நவம்பர் 14 காலை எட்டு மணிக்குத் திறக்கும். பொங்கல் என்றால் இட்லி வேகிற நேரத்துக்குள் வெயிட்டிங் லிஸ்ட். மகள் ஒரு போனில், இவர் ஒரு போனில், யாருக்குக் கிடைத்தாலும் கிடைக்கட்டும். சமையல் கட்டில் நின்றபடியே நான் "கெடச்சுதா, கெடச்சுதா" என்று கேட்பது மட்டும் கூடாதாம்.

வந்ததும் ஒரு பை அழுக்குத் துணி. முதல் நாள் பதினொரு மணி வரை தூக்கம். இரண்டாம் நாள் சாயங்காலம் "போரடிக்குதும்மா". ஒருநாள் தள்ளிப்போக மாட்டாளா என்று நினைத்த எனக்கே மூன்றாம் நாள் கூழ் நினைப்பு வந்துவிடும்.

*

பிள்ளைகளுக்குப் பொடி அனுப்பப் போகிறவர்களுக்கு. தேங்காய் சேர்த்த பொடி வேண்டாம், பத்து நாளில் சிக்கு வாடை வந்துவிடும். பருப்புப் பொடி, எள்ளுப் பொடி நிற்கும். புளிக்காய்ச்சலில் எண்ணெய் மிதக்க வேண்டும், ஈரக் கரண்டி படாமலிருந்தால் ஒரு மாசம் கெடாது. அளவை இரண்டு பங்காக வையுங்கள், ரூமில் மற்ற பிள்ளைகளும் சாப்பிடுவார்கள். எங்கள் ஊர்க் கடலை மிட்டாய் என்றால் மூன்று பங்கு. எவர்சில்வர் டப்பாவில் மட்டும் கொடுத்துவிடாதீர்கள், அது திரும்பி வராது.