முற்றத்தில் நின்ற ஹுத்ஹுத்

சுலைமான் நபி (அலை) அவர்கள் பறவைகளைப் பார்வையிட்டபோது காணாமற்போன ஹுத்ஹுத்தின் வரலாற்றைப் பல்லாண்டுகளாகக் கற்பித்து வருகிறேன். "அது எப்படி இருக்கும், ஹஜ்ரத்?" என்று ஒரு மாணவன் கேட்டபோதுதான் என் அறியாமை எனக்கே புலப்பட்டது. பட்டம் பெற்றவன் என்ற பெயர் வேறு! பறவை நூலொன்றைத் தேடிப் புரட்டினேன். ஹுத்ஹுத் என்பது நம் கொண்டலாத்தி. விசிறிக் கொண்டையும் வரியிட்ட சிறகும் வளைந்த அலகுமாக, மதரஸா முற்றத்தில் மண்ணைக் கிளறித் திரிந்த அதே பறவை! சில நாட்களாகத்தான் அதைக் காணவில்லை.

படத்தைக் கண்ட மாணவன் தலைகுனிந்தான். "போன வாரம் உண்டிவில்லால் இதைத்தான் அடித்தேன், ஹஜ்ரத்."

கடிந்துகொள்ள எனக்கு நாவெழவில்லை. 1896இல் பம்பாயில் பிறந்த பறவையியல் மேதை சாலிம் அலீயும் சிறுவயதில் காற்றுத் துப்பாக்கியால் சிட்டொன்றைச் சுட்டவர்தாம். அதன் கழுத்திலிருந்த மஞ்சள் திட்டு, இது உண்ணத் தகுந்ததுதானா என்னும் ஐயத்தை எழுப்பிற்று. விடை தேடிப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் படியேறினார். பாடம் செய்த பறவைகள் அலமாரி அலமாரியாக இருந்த அவ்விடத்தில்தான் அவர் வாழ்வு திசை திரும்பிற்று.

அக்கழகத்தார் நம் கோடியக்கரையில் பறவைகளை வலையில் பிடித்து, காலில் வளையமிட்டுப் பறக்கவிட்டனர். பிடித்துக் கொடுத்தவர்களுள் பீகாரிலிருந்து வந்த மீர்ஷிகார்களும் உண்டு. வழிவழியாகப் பறவை பிடித்து விற்றுப் பிழைத்த குலத்தார் அவர்கள்!

நாங்குநேரிப் பக்கத்துக் கூந்தன்குளத்தில் வலையுமில்லை, அலமாரியுமில்லை. சென்ற பங்குனியில் அம்மாணவனை அங்கே அழைத்துச் சென்றேன். 1994இல் அவ்வூர் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதற்கு வெகுகாலம் முன்பே ஊரார் பறவைகளைக் காத்து வந்தனர். வீட்டு மரங்களிலெல்லாம் நாரைக் கூடுகள், கூரையெங்கும் எச்சம், மீன் நாற்றமோ சொல்லி முடியாது. எப்படித்தான் பொறுத்துக்கொள்கிறீர்கள் என்று ஒரு மூதாட்டியிடம் கேட்டேன்.

"பிள்ளை பெத்துக்க வந்த மகளை வெரட்டவா முடியும்?" என்றார். எந்த மரத்தில் முதற்கூடு கட்டியது, எந்தக் குஞ்சு கீழே விழுந்தது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். தொலைநோக்கியைக் கையால் தொட்டும் அறியாதவர்.

மாணவன் வழிநெடுகப் பேசவில்லை. இப்போது அவன் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் முற்றத்துக்கு வரும் பறவைகளின் பெயர்களைத் தேதியிட்டு எழுதி வருகிறான். மைனா இருக்கிறது, கரிச்சான் இருக்கிறது. கொண்டலாத்திக்கு ஒரு வரி விட்டு வைத்திருக்கிறான். உண்டிவில் என்னவாயிற்று என்று நான் கேட்கவில்லை.