முழந்தாளிடும் கவசம்

திருவருகைக் காலம் வந்துவிட்டால் நம் இல்லங்களில் பரண்மேல் இருக்கும் சுரூபங்கள் கீழே இறங்கும், குடில் எழும். சூசையப்பர், தேவதாய், இடையர் ஆகியோருக்கு நடுவே பிள்ளைகள் தங்கள் விளையாட்டுப் பொம்மைகளையும் கொண்டுவந்து வைப்பர். கை கால் மடங்கும் போர்வீரப் பொம்மையும் அவற்றுள் ஒன்று. குடிலில் போர்வீரனுக்கு என்ன வேலை என்று அதனை ஒதுக்கிவிட வேண்டுவதில்லை. தக்க உடை உடுத்தினால் அவன் கப்பர்நாகூம் நூற்றுவர் தலைவனாகிவிடுவான். திருவிருந்துக்கு முன் நாம் சொல்லும் செபம் அவன் சொன்ன சொற்களிலிருந்து பிறந்ததன்றோ?

பொம்மைக்கு உடை தைப்பது அற்ப வேலையன்று. 1223-இல் கிரேச்சியோவில் புனித பிரான்சிஸ் அசிசியார் அமைத்த குடிலின் வழியே வளர்ந்த இக்கலை, 18-ஆம் நூற்றாண்டில் நேப்பிள்ஸ் நகரில் உச்சத்தை எட்டியது. கம்பியின்மேல் சணல்நார் சுற்றிய உடல், சுட்ட களிமண் தலை, மரத்தாலான கை கால், அளவெடுத்துத் தைத்த பட்டாடை. உடல் வளைந்தமையால் அரசரும் ஆயரும் பாலன்முன் பணிந்து நிற்க முடிந்தது.

எங்கள் வீட்டுப் பொம்மையின் கவசமோ ஒரே வார்ப்பான பிளாஸ்டிக். "ஏனுங்கப்பா, இவரால முட்டி போட முடியலீங்களா?" என்று மகன் கேட்டான். அக்கேள்வியே எங்களை ஊசி நூலோடு உட்கார வைத்தது.

அவிநாசியில் துணிக்குப் பஞ்சமில்லை. அண்டையிலுள்ள திருப்பூரின் பனியன் கம்பெனிகளில் கழியும் வெட்டுத்துண்டுகளே போதும். முதலில் பொம்மையின் உடம்பில் மெல்லிய பாலித்தீன் தாளைச் சுற்றி, அதன்மேல் ஒட்டுநாடாவை ஒட்டி, தையல் வரவேண்டிய கோடுகளைப் பேனாவால் குறித்துக்கொண்டோம். அக்கோடுகளின் வழியே வெட்டி விரித்தபோது அளவு பிசகாத படிவம் கிடைத்தது. துணி இழுபடும் திசை உடம்பைச் சுற்றி வருமாறு வெட்டினோம். பனியன் துணியின் ஓரம் சற்றுச் சுருளுமேயன்றி எளிதில் பிரியாது. ஆகவே மடித்துத் தைத்துத் தடிப்பாக்கத் தேவையில்லை. அடர்ந்த சாயமுள்ள துணியை மட்டும் தண்ணீர் தெளியும்வரை அலசிவிட வேண்டும். இல்லையேல் பொம்மையின் மேனியில் கறை ஏறிவிடும்.

கவசத்திற்கு ரெக்ஸின் பட்டைகள். உரோமை வீரரின் பட்டைக் கவசத்தில் இரும்புப் பட்டைகளை உட்புறத் தோல்வார்கள் பிணைத்திருந்தன. அம்முறையைப் பின்பற்றி, ஒவ்வொரு பட்டையின் மேல்விளிம்பை மட்டும் துணியில் தைத்து, கீழ்விளிம்பைத் தளர விட்டோம். கூரை ஓடுபோல் ஒன்றன்மேல் ஒன்று படிந்த பட்டைகள், உடல் குனியும்போது விலகி, நிமிரும்போது கூடின. இடுப்புக்குக் கீழே தனித்தனி வார்கள் தொங்கியதால் தொடை தடையின்றி மடங்கியது. எனாமல் மடிப்புகளில் வெடித்துவிடும் என்பதால், துணிக்குப் பூசும் வெள்ளி வண்ணத்தையே பூசினோம்.

ஒன்றரை ஷிப்டு வேலை பார்க்கும் வீடுகளில் பிள்ளைகளுக்குக் கிடைப்பது ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான். நான்கு ஞாயிறுகளின் மாலைப்பொழுதுகள் இதற்குச் சென்றன. கைகள் பட்டைகளைத் தைத்துக்கொண்டிருக்க, நூற்றுவர் தலைவன் தன் ஊழியனுக்காக மன்றாடிய வரலாற்றை மகனுக்குச் சொன்னோம். "அதிகாரியா இருந்துமா வேலைக்காரனுக்காகப் போய் நின்னாருங்க?" என்று வியந்தான். மேலதிகாரிக்கு அஞ்சியே வாழும் நமக்கும் அது வியப்புத்தான். 2019 டிசம்பர் 1 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் கிரேச்சியோவில் கையெழுத்திட்ட திருமடலில், குடும்பங்கள் குடில் அமைக்கும் நல்வழக்கத்தை ஊக்குவித்தார். பிள்ளையோடு அமர்ந்து குடிலை ஆயத்தம் செய்யும் நேரமே சிறந்த மறைக்கல்வி என்பதை அம்மாலைகளில் கண்டோம்.

எபேசியருக்கு எழுதிய மடலின் ஆறாம் அதிகாரத்தில் புனித பவுல், உண்மை என்னும் இடைக்கச்சை, நீதி என்னும் மார்புக்கவசம், விசுவாசம் என்னும் கேடயம் என வரிசைப்படுத்திவிட்டு, உடனே இடைவிடாது செபிக்கச் சொல்கிறார். அணிந்தவனை முழந்தாளிட விடாத கவசம் கிறிஸ்தவனுக்கு உரியதன்று. பதவி, படிப்பு, பணம், குலப்பெருமை என நாம் அணிந்திருப்பவை ஒரே வார்ப்பாக இறுகிப் போயினவா, அல்லது பாலன்முன் வளையுமா? இவ்வாண்டு குடிலுக்கு முன் ஒவ்வொருவரும் நம்மையே கேட்டுக்கொள்வோமாக.