கத்திரி வெயிலில் ஜி.பி.எஸ். வாட்ச்

மே 4, 2025, ஞாயிறு

கத்திரி இன்று தொடங்குகிறது. இனி 28-ஆம் தேதி வரை மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்திலும் வண்டியூர்க் கண்மாய்க் கரையிலும் தெப்பக்குளத்தைச் சுற்றியும் ஓடுகிறவர்களின் வாட்சுகள் பெரும்பாலும் ஒரே பல்லவியைப் பாடும்: உடல்திறன் சரிகிறது, பயிற்சி பயன் தரவில்லை, ஓய்வெடுங்கள். ஓடுகிறவர் தை மாதத்தில் ஓடிய அதே ஆள்தான். மாறியது வெயில், தீர்ப்பு விழுவதோ ஆளின் தலையில். இந்தக் கருவி சொல்வதில் எதை நம்பலாம், எதைத் தள்ளலாம் என்று கத்திரி முடிவதற்குள் யோசித்து எழுதிவிட வேண்டும். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாட்ச் அளப்பவை கொஞ்சம், ஊகிப்பவை நிறைய. இருக்கும் இடம், நேரம், கையின் அசைவு, காற்றழுத்தம், தோலுக்கடியில் ஓடும் ரத்தத்தில் பட்டுத் திரும்பும் ஒளி ஆகியவற்றை அது அளக்கிறது. கலோரி, ஓய்வுக்கான மணிக்கணக்கு, ‘வி.ஓ.டூ. மேக்ஸ்’ எல்லாம் அந்த அளவுகளின் மேல் அடுக்கிய கணக்கு. அடுக்கு ஏற ஏற நம்பிக்கையைக் குறைத்துக்கொள்ள வேண்டும். மதுரைச் சமவெளியில் இன்னும் கொஞ்சம் சேர்த்தே குறைக்க வேண்டும்.

வி.ஓ.டூ. மேக்ஸ் என்பது ஒரு நிமிடத்தில் உடல் அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும் என்ற அளவு. ஆய்வுக்கூடத்தில் முகமூடி மாட்டி, ஓடுபொறியில் மூச்சு வாங்கும்வரை ஓடவிட்டு அளப்பார்கள். வாட்சுக்கு முகமூடி கிடையாது. இந்த வேகத்துக்கு இத்தனை துடிப்பு என்ற உறவை வைத்து அது எண்ணைக் கணிக்கிறது. வெயிலில் அந்த உறவே குலைந்துபோகிறது. உடலைக் குளிர்விக்க ரத்தத்தின் ஒரு பங்கு தோலுக்குப் போகிறது. வியர்வையில் ரத்தத்தின் நீர் குறைகிறது. ஒரு துடிப்பில் இதயம் தள்ளும் ரத்தம் குறைய, ஈடுகட்டத் துடிப்பு கூடுகிறது. அதே வேகம், கூடுதல் துடிப்பு. கணக்கின் பார்வையில் ஆள் பலவீனமாகிவிட்டார்.

இதை நிறுவனங்கள் அறியாமல் இல்லை. கார்மின் தன் வாட்சுகளில் வெப்பத்துக்கான திருத்தத்தைச் சேர்த்திருக்கிறது. 22 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அது வேலை செய்யும். மார்கழி, தை விடியற்காலைகளை விட்டால் மதுரையில் 22 டிகிரிக்குக் கீழே போகும் பொழுது எது? நிறுவனம் விதிவிலக்காக வைத்தது இங்கே ஆண்டு முழுவதும் இயல்பு. அந்தத் திருத்தத்துக்கான வெப்பநிலையும் கைபேசி வழியாக வரும் வானிலைத் தகவல்தான். மணிக்கட்டில் இருக்கும் உணரி உடம்புச் சூட்டையும் சேர்த்துக் காட்டும் என்பதால் உதவாது. தார்ச்சாலையின் அனலோ அந்த வானிலைத் தகவலில் ஏறுவதில்லை.

வெயில் எவ்வளவு பறிக்கும் என்பதற்கு நல்ல ஆய்வுகள் இருக்கின்றன. 1997-இல் காலோவே, மாகன் இருவரும் சைக்கிள் ஓட்டுபவர்களை ஒரே கடுமையில், நான்கு வெப்பநிலைகளில், களைத்து நிற்கும்வரை மிதிக்க வைத்தார்கள். 11 டிகிரியில் சராசரி 93 நிமிடம் தாங்கினார்கள். 31 டிகிரியில் 51 நிமிடம். 31 டிகிரி மதுரைக்கு வெயிலே இல்லை, காலை எட்டரை மணி. பாரிஸ், லண்டன், நியூயார்க் உள்ளிட்ட ஆறு பெரிய மாரத்தான்களின் பத்தாண்டு முடிவுகளை ஆராய்ந்து 2012-இல் வந்த பிரெஞ்சு ஆய்வு, ஓடுவதற்கு உகந்த வெப்பம் ஓட்டக்காரரின் தரத்தைப் பொறுத்து ஏறத்தாழ 4 முதல் 10 டிகிரி என்றது. நம்மூரில் அந்தக் குளிரைக் குளிர்சாதனப் பெட்டியில்தான் பார்க்க முடியும்.

மே 6, செவ்வாய்

தூரத்தைப் பற்றி. ஜி.பி.எஸ். சமிக்ஞையைப் பொதுமக்களுக்கு வேண்டுமென்றே கலங்கலாக்கி அனுப்பிவந்த வழக்கத்தை அமெரிக்கா கைவிட்டது 2000 மே மாதத் தொடக்கத்தில். இந்த வாரம் 25 ஆண்டு நிறைந்திருக்கிறது. அதற்கு முன் பிழை நூறு மீட்டர் வரை போகும். அதை வைத்து யாரும் ஓட்டத்தை அளந்திருக்க முடியாது. மூன்றே ஆண்டில், 2003-இல், கார்மினின் முதல் ஃபோர்ரன்னர் வாட்ச் கடைக்கு வந்தது. 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களைக் கொண்டு திறந்த வெளியில் சில மீட்டருக்குள் இடம் சொல்வது பெரிய காரியம். வாட்சின் இந்தப் பகுதியை நான் மதிக்கிறேன்.

ஆனாலும் பந்தயத்துக்குப் போய் வந்தவர்களிடம் ஒரு புகார் கேட்கும்: பத்து கிலோமீட்டர் என்றார்கள், என் வாட்ச் 10.15 காட்டியது, பாதையைத் தவறாக அளந்துவிட்டார்கள். அநேகமாகத் தவறு பாதையில் இருக்காது. ஓட்டப் பாதைகளை முறையாக அளப்பது இன்றும் சைக்கிளில்தான். 1971-இல் அமெரிக்காவில் உருவான ஜோன்ஸ் கவுன்டர் என்ற சிறு எண்ணியை முன்சக்கரத்தில் பொருத்தி, நாடாவால் அளந்த நேர்த்தூரத்தில் ஓட்டிச் சரிபார்த்து, பிறகு வளைவுகளில் மிகக் குறுகிய கோட்டில் ஓட்டி அளப்பார்கள். குறைந்துவிடக் கூடாது என்று ஆயிரத்துக்கு ஒரு பங்கு கூடவே சேர்ப்பார்கள். மாரத்தானில் அது 42 மீட்டர். அந்தக் குறுகிய கோட்டில் ஓடுகிறவர் யார்? கூட்டத்தில் விலகி, தண்ணீர் மேசைக்கு ஒதுங்கி ஓடுவதெல்லாம் கூடுதல். போதாததற்கு, வாட்ச் குறிக்கும் ஒவ்வொரு புள்ளியும் உண்மையான இடத்திலிருந்து சற்றுத் தள்ளி விழும். தள்ளி விழுந்த புள்ளிகளை இணைத்தால் நேர்கோடும் கோணல்மாணலாகி நீளும். ஜி.பி.எஸ். ஏன் தூரத்தைப் பெரிதாக்கிக் காட்டுகிறது என்று கணிதத்தோடு விளக்கும் ஆய்வே 2016-இல் வந்தது. தெப்பக்குளம் போலச் சதுரமான சுற்றில் நேர்மாறும் நடக்கும். ஏறத்தாழ 305 மீட்டர், 290 மீட்டர் பக்கங்கள். நான்கு முனைகளையும் வாட்ச் மழுக்கி வளைத்தால் தூரம் குறையும். கூடுதலும் குறைவும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு கணக்கு சரியாகக் காட்டினால், அதைத் துல்லியம் என்பதைவிட அதிர்ஷ்டம் என்பதே பொருந்தும்.

தடகளத்தில் இது எதற்கும் இடமில்லை. மதுரையை அடுத்த சக்கிமங்கலத்தில் பாட்டியின் வளர்ப்பில் வளர்ந்து, வெறுங்காலோடு ஓடத் தொடங்கிய ரேவதி வீரமணி, 2021 ஜூலையில் பாட்டியாலாவில் 400 மீட்டரை 53.55 வினாடியில் ஓடி, டோக்கியோ ஒலிம்பிக்கின் கலப்பு அஞ்சலோட்ட அணிக்குப் போனார். அந்த வேகத்தில் நூற்றுக்கு ஒரு பங்கு பிழை, அதாவது நான்கு மீட்டர், அரை வினாடிக்கு மேல். அணியில் இடம் கிடைப்பதும் கிடைக்காததும் அதற்குள் அடங்கிவிடும். தரையில் போட்ட வெள்ளைக் கோடும் கையில் ஒரு ஸ்டாப்வாட்சும் அங்கே செயற்கைக்கோளை மிஞ்சும்.

மே 9, வெள்ளி

இன்று சித்திரைத் திருவிழாத் தேரோட்டம். மாசி வீதிகளில் வாட்ச் கட்டி ஓட இன்று யாருக்கும் இடமில்லை. மற்ற நாட்களில் விடியுமுன் ஓடுகிறவர்கள் உண்டு. அவர்களுடைய தடத்தை வரைபடத்தில் பார்த்தால் கோடு கடைகளுக்குள் புகுந்து வெளியே வரும். இருபுறமும் மாடிக் கட்டடங்கள் நெருங்கிய தெருவில் சமிக்ஞை சுவரில் பட்டுத் திரும்பி வருகிறது. நீண்ட வழியில் வந்ததை நேராக வந்ததாக எண்ணி வாட்ச் இடத்தைத் தவறாகக் குறிக்கிறது. புதிய வாட்சுகளில் பல எல்1, எல்5 என்ற இரண்டு அலைவரிசைகளையும் கேட்பதால், பட்டுத் திரும்பியதைப் பெருமளவு பிரித்தறிகின்றன. நம் நாட்டு இடங்காட்டி அமைப்பான நாவிக் முதலில் எல்5-இலும் எஸ் அலைவரிசையிலும் மட்டுமே பேசியது. எல்1-ஐச் சேர்த்த முதல் செயற்கைக்கோள் என்.வி.எஸ்.-01, 2023 மே 29-இல்தான் ஏவப்பட்டது. எல்1-ஐ மட்டும் கேட்கும் மலிவு வாட்சுகளுக்கு அதுவரை நாவிக் இருந்தும் இல்லாததுதான். நத்தம் சாலையில் 2023-இல் திறந்த நீண்ட மேம்பாலம் நல்ல பாடம்: மேலே போனால் முழு வானம், கீழே போனால் தலைக்கு மேல் கான்கிரீட் கூரை. ஒரே சாலை, ஒரே ஆள், இரண்டு வேகம்.

மே 12, திங்கள்

அழகர் வைகை ஆற்றில் இறங்கும் நாள். அழகர்கோவிலிலிருந்து மதுரைக்கு ஏறத்தாழ 21 கிலோமீட்டர், அரை மாரத்தான். நடந்து வருகிற கூட்டத்தில் எத்தனை பேர் அதைக் கணக்கில் எழுதுவார்கள்!

தூரத்தை விட்டால் சைக்கிள்காரர்கள் விரும்பும் இன்னொரு எண் ஏற்றம்: இன்று இத்தனை மீட்டர் ஏறினேன் என்பது. மேலூர்ப் பக்கமோ திருமங்கலம் பக்கமோ சமவெளியில் போனவருக்கும் வாட்ச் நூறு, நூற்றைம்பது மீட்டர் ஏற்றம் காட்டும். கண்மாய்க் கரையும் ரயில்வே மேம்பாலமும் கொஞ்சம் உண்மை, மீதி காற்றழுத்தம். ஒரு மில்லிபார் குறைந்தால் உணரி எட்டு மீட்டர் ஏறியதாக எண்ணும். வெப்பமண்டலத்தில் காற்றழுத்தத்துக்கு அன்றாடம் ஏற்றவற்றம் உண்டு, கடலுக்கு இருப்பதுபோல: காலை பத்து மணிவாக்கில் உச்சம், மாலை நான்கு மணிவாக்கில் தாழ்வு, இடையே இரண்டு மூன்று மில்லிபார் வித்தியாசம். பத்து மணிக்குக் கிளம்பி நான்கு மணிக்குத் திரும்பியவர் ஓரடிகூட ஏறாமல் ஏறத்தாழ இருபது மீட்டர் ஏறியிருப்பார். ஜி.பி.எஸ். கொண்டு வாட்ச் இதை இடையிடையே திருத்தப் பார்க்கும், ஆனால் ஜி.பி.எஸ்.ஸுக்கே உயரம்தான் பலவீனமான பாடம். மூணாறுக்கு ஏறுபவருக்கு இந்தப் பிழை தூசு. நம் சமவெளியில் பல நாள் பிழைதான் முழு எண்.

மே 19, திங்கள்

எதிர்வாதங்களுக்கு வருகிறேன். முதலாவது: பயிற்சியாளர் வைத்துக்கொள்ள வசதியில்லாதவருக்கு வாட்ச்தானே பயிற்சியாளர்? நியாயமான கேள்வி. ஆனால் நல்ல பயிற்சியாளர் முகத்தைப் பார்ப்பார், தூங்கினாயா, சாப்பிட்டாயா என்பார், வெயில் ஏறினால் பாதியில் நிறுத்துவார். வாட்ச் செய்வது நாட்குறிப்பு எழுதும் வேலை. அதை நன்றாகவே செய்கிறது. எப்போது, எங்கே, எவ்வளவு நேரம் என்ற பதிவை ஆண்டுக்கணக்காகத் தவறாமல் வைத்திருக்கிறது. இந்த மே மாதத்தைப் போன மே மாதத்தோடு, அதே பாதையில், அதே பொழுதில் ஒப்பிட்டால் அந்தப் பதிவுக்கு ஈடில்லை. தை மாதத்தோடு ஒப்பிட்டு மனம் உடைவதுதான் வீண்.

இரண்டாவது: இதயத்துடிப்பாவது அளப்பதுதானே, ஊகமில்லையே? பாதி சரி. 2017-இல் ஸ்டான்ஃபோர்டில் 60 பேரிடம் ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். துடிப்பில் ஆறு கருவிகள் ஐந்து சதவீதப் பிழைக்குள் நின்றன. கலோரியிலோ ஆகச் சிறந்த கருவியே சராசரி 27 சதவீதம் தவறியது. மோசமானது 93 சதவீதம். ஒரே கருவி, அளவில் ஒரு முகம், ஊகத்தில் ஒரு முகம். கறுத்த தோலில் பிழை கூடுதல் என்றும் அந்த ஆய்வு கண்டது. நம்மவர்கள் கவலைப்பட வேண்டிய செய்திதான். ஆனால் 2020-இல் வந்த டியூக் பல்கலைக்கழக ஆய்வு தோல் நிறத்தால் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை, அசைவுதான் பெரிய காரணம் என்றது. எனக்கு இரண்டாவதே பொருத்தமாகப் படுகிறது. ஓடும்போது காலடியின் தாளத்தையே துடிப்பு என்று வாட்ச் எண்ணிவிடுவதுண்டு. சைக்கிளில் கைப்பிடியை இறுக்கிப் பிடித்து மணிக்கட்டு மடங்கும்போது ஒளி வழி தவறும். துடிப்பை வைத்துப் பயிற்சி செய்பவர் மார்புப் பட்டை வாங்கிவிடுவது நல்லது.

மூன்றாவது வாதம்தான் கனமானது. ஐம்பது வயதில் ஓடத் தொடங்குகிறவருக்குத் துடிப்பு எல்லை மீறினால் மணியடிக்கிறதே, அது உயிர் காக்காதா? காக்கலாம். ஆனால் அந்த எல்லை எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் 220-இலிருந்து வயதைக் கழித்து. 1970-களின் தொடக்கத்தில் தோராயமாகச் சொல்லப்பட்டுப் பரவிய சூத்திரம் அது. ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு சாதாரணமாக விலகும். ஐம்பது வயதுக்காரருக்கு 170 என்று எழுதிய இடத்தில் உண்மை 158 ஆகவும் இருக்கலாம், 182 ஆகவும் இருக்கலாம். ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறவரின் துடிப்பு மாத்திரையாலேயே தணிந்திருக்கும். உடல் அபாயத்தில் இருந்தாலும் மணி அடிக்காது. அந்த எல்லையை மருத்துவரிடம் கேட்டு, தேவையென்றால் டிரெட்மில் பரிசோதனை செய்து, கையால் பதிந்துகொண்டால் மணிக்கு அர்த்தம் வரும்.

மே 28, புதன்

கத்திரி முடிகிறது. அடுத்து மேற்கிலிருந்து காற்று கிளம்பும். ஆடியில் உச்சத்துக்குப் போகும். ஓடுகிறவர்களைவிடச் சைக்கிள்காரர்களை அது அதிகம் குழப்பும், ஏனென்றால் ஜி.பி.எஸ்.ஸுக்குத் தெரிந்தது தரை மேல் வேகம் மட்டுமே. காற்றைக் கிழிக்க நொடிக்கு நொடி தேவையான ஆற்றல் வேகத்தின் மும்மடிப்பெருக்கமாக ஏறுவது அதற்குத் தெரியாது. காற்றில்லாத நாளில் மணிக்கு 25 கிலோமீட்டர் போகிறவர் செக்கானூரணி வழியாக உசிலம்பட்டிப் பக்கம் 20 கிலோமீட்டர் தூரம் எதிர்காற்றில் மணிக்கு 18-இல் போய், திரும்பும்போது 32-இல் பறக்கிறார் என்று வைப்போம். போக 67 நிமிடம், வர 37 நிமிடம். சராசரி 23 கிலோமீட்டர். காற்றில்லாத நாளைவிட எட்டு நிமிடம் கூடுதல், உழைப்பு குறையவில்லை. போன வழியில் இழந்ததை வந்த வழி ஈடுகட்டாது. காரணம் எளிது, மெதுவாகப் போகும் பாதியில்தான் அதிக நேரம் கழிகிறது. மிதிகட்டையில் பொருத்தும் பவர் மீட்டர் இந்தக் குழப்பத்தைத் தீர்க்கும். அதன் விலைக்கு இன்னொரு நல்ல சைக்கிளே வாங்கிவிடலாம். அதை வாங்காதவர்கள் ஆடி முடியும்வரை வேகத்தைத் திரையிலிருந்து எடுத்துவிட்டு, நேரத்தை மட்டும் வைத்துக்கொண்டு மிதிக்கலாம். பெரும்பாலான ஜி.பி.எஸ். வாட்சுகளில் அந்த அமைப்பு இருக்கிறது.