மனோராக் கரையில் மேயும் பசு

நெப்போலியன் தோற்றுப் போனதைக் கொண்டாடத் தஞ்சாவூர்ச் சீமையில் ஒரு ஸ்தூபி எழுப்பினார்கள் என்றால் நம்புவீர்களா? நம்பத்தான் வேண்டும். பட்டுக்கோட்டைக்குத் தெற்கே கடற்கரையில், அறுகோண வடிவில், எட்டு அடுக்காக நிற்கிறது மனோரா. கட்டியவர் சரபோஜி மன்னர். வாட்டர்லூ வெற்றிக்காகக் கட்டியது என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் கல்வெட்டில் இருப்பது 1814. வாட்டர்லூ சண்டை நடந்ததோ 1815-ல்! அதற்கு முந்திய வீழ்ச்சிக்காகத்தான் இருக்க வேண்டும். எப்படியானாலும், எங்கேயோ பிரான்ஸில் ஒரு சக்கரவர்த்தி பதவி இழந்ததில் இங்கே நம் கொத்தனார்களுக்கு வேலை கிடைத்தது.

தஞ்சாவூரிலிருந்து ஏறக்குறைய 65 கிலோமீட்டர் பிரயாணம். வழியில் ஒரத்தநாட்டில் அதே சரபோஜியின் முத்தம்மாள் சத்திரத்தைப் பார்க்கலாம். மேட்டூர் அணையோடு கூடப் பிறந்த கல்லணைக் கால்வாய்தான் இந்தப் பக்கத்து வயல்களுக்குக் காவேரித் தண்ணீர் கொண்டுவருகிறது. பட்டுக்கோட்டையைத் தாண்டியதும் நெல் பின்தங்கித் தென்னை முன்னே வந்துவிடும். 2018 நவம்பரில் வீசிய கஜா புயலில் இங்கே சாய்ந்த தென்னைகளை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

மெரீனாவைப் போல அலை வந்து மோதும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். இது பாக் விரிகுடா. பெரும்பகுதி ஆழமே இல்லாத கடல். ஏரி மாதிரி சாதுவாகக் கிடக்கிறது. அதனால்தான் சூரிய வெளிச்சம் தரை வரைக்கும் இறங்குகிறது. வெளிச்சம் இறங்கும் இடத்தில் கடற்புல் முளைக்கிறது. இது பாசி அல்ல. வேர், இலை எல்லாம் உண்டு. தண்ணீருக்குள்ளேயே பூத்துக் காய்க்கும். நெல்லுக்குத் தூரத்து உறவு என்று வைத்துக்கொள்ளுங்களேன். மீன் குஞ்சும் இறாலும் வளர்வது இந்தப் புல்லுக்குள்தான்.

புல் இருந்தால் பசு இருக்க வேண்டாமா? இருக்கிறது. கடற்பசு. மீனவர்கள் ஆவுளியா என்பார்கள். பத்தடி நீளம், முன்னூறு நானூறு கிலோ கனம். மீன் அல்ல, நம்மைப் போல மூச்சு விடுவது, குட்டி போட்டுப் பால் கொடுப்பது. ஒரு நாளைக்கு முப்பது நாற்பது கிலோ புல்லை வேரோடு மேய்ந்துவிடும். மேய்ந்த இடம் ஏர் உழுத சால் போலக் கோடு கோடாகத் தெரியுமாம்! உழவு நாட்டின் கரைக்குப் பொருத்தமான பிராணிதான்.

கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம், "ஆவுளியாவைப் பார்த்திருக்கிறீர்களா, ஐயா?" என்று கேட்டேன்.

"பார்க்கிறது அபூர்வம், தம்பி. 'புஸ்'ஸென்று மூச்சு விடுற சத்தம் கேட்கும். திரும்பினா முங்கியிருக்கும். முன்னே வலையிலே விழுந்தா கறிதான். இப்ப வலையை அறுத்து விட்டுடறோம்" என்றார்.

வலையை அறுப்பது லேசான காரியம் அல்ல. வலை என்பது பணம். அப்படி விடுவிக்கிறவர்களுக்கு வனத்துறை வெகுமதி கொடுத்து மரியாதை செய்வது நல்ல ஏற்பாடு. கடற்பசுவைக் கொல்வதை 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டம் தடுக்கிறது. 2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரையோரமாக 448 சதுர கிலோமீட்டர் கடலைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் இதுவே முதலாவது. நாடு முழுவதிலும் சுமார் 240 தான் மிச்சம் என்பது அப்போது அரசு சொன்ன கணக்கு. ஒரு குட்டிக்கும் அடுத்த குட்டிக்கும் மூன்று முதல் ஏழு வருஷம் இடைவெளி. ஒரு தாய் செத்தால் கணக்கு எவ்வளவு இறங்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சங்கடம் இனிமேல்தான். இந்தக் கடலின் நடுவே 1974-ல் இந்தியாவும் இலங்கையும் ஒரு கோடு போட்டுக்கொண்டன. கோடு காகிதத்தில் இருக்கிறது; புல்லில் இல்லை. பசு இந்தப் பக்கம் மேய்ந்துவிட்டு அந்தப் பக்கமும் போகும். அங்கேயும் சட்டம் அதைக் காக்கிறது. மன்னார் பக்கத்தில் விடத்தல்தீவை 2016-ல் இயற்கை ஒதுக்கிடமாக்கினார்கள். கடற்பசுவைக் காக்க 2007-ல் பல நாடுகள் சேர்ந்து எழுதிய உடன்படிக்கையில் இரண்டு நாடுகளும் கையெழுத்திட்டிருக்கின்றன. ஆனால் ஒரு புல்வெளியை இரண்டு காவல்காரர்கள் தனித்தனியே காக்கிறார்களே தவிர, சேர்ந்து காக்கக் காணோம்.

அதற்குள் இழுவை மடி வந்து தரையை வாரிக்கொண்டு போகிறது. விசைப்படகு பின்னால் கட்டி இழுக்கும் இந்த மடிக்கு மீன், குஞ்சு, புல் என்ற பேதமில்லை. 1960-களிலிருந்து அரசே ஊக்கம் கொடுத்து வளர்த்த தொழில் இது. இலங்கை 2017-ல் இதைத் தடை செய்துவிட்டது. நம் படகுகளோ மீனைத் தேடிக் கோட்டைத் தாண்டுகின்றன. பிடிபட்டால் சிறை, படகும் போகும். இந்தக் கரையில் ஒரு பெண் கணவன் எப்போது விடுதலையாவான் என்று காத்திருக்கிறாள். யுத்தம் 2009-ல் முடிந்து, கடன் வாங்கி வலை வாங்கிய வீட்டுப் பெண் ஒருத்தி அந்தக் கரையில் அறுந்த வலையைப் பார்த்து அழுகிறாள். இரண்டு பேரும் அழுவது தமிழில்தான். பழியை எதிர்க்கரையின் மேல் போட்டுவிட என்னால் முடியவில்லை. விசைப்படகுக்காரர்களை ஆழ்கடல் சூரை மீன்பிடிப்புக்கு மாற்ற 2017-ல் ஒரு திட்டம் வந்தது. எதிர்பார்த்த வேகம் இல்லை. கடனை நினைத்துத் தயங்குகிறார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது.

ஐரோப்பாவில் வாடன் கடல் என்று ஓர் ஆழமில்லாக் கடல். டென்மார்க், ஜெர்மனி, ஹாலந்து மூன்றுக்கும் பொது. 1940-ல் ஜெர்மனி மற்ற இரண்டு நாடுகளுக்குள்ளும் படையோடு புகுந்தது! அப்படிப்பட்டவர்களே 1978 முதல் ஒன்றாக உட்கார்ந்து பேசி வருகிறார்கள். 1988-ல் நோய் வந்து கடல்நாய்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. 1990-ல் மூன்று நாடுகளும் அவற்றுக்காகவே ஒப்பந்தம் செய்துகொண்டன, ஒன்றாகக் கணக்கெடுத்தார்கள், கடல்நாய்கள் மறுபடி பெருகின. நமக்கும் இலங்கைக்கும் பேசுவதற்கு மொழிபெயர்ப்பாளர்கூட வேண்டாமே! மீன்பிடித் தகராறு பேச 2016-ல் ஒரு கூட்டுக் குழு ஏற்பட்டிருக்கிறது. அதே மேஜையில் புல்லுக்கும் பசுவுக்கும் ஒரு நாற்காலி போடலாம். முதல் வேலையாக, எத்தனை பசு, எங்கே புல் என்று இரு கரையும் சேர்ந்து ஒரு கணக்கெடுக்கலாம்.

மனோராவுக்குப் போக விரும்புகிறவர்கள் பட்டுக்கோட்டை போய் அங்கிருந்து கிளம்புவது சௌகரியம். குழந்தைகளோடு போனால் காலையிலேயே போய்விடுங்கள். வெயில் ஏறினால் மணல் கால் வைக்க விடாது. ஆவுளியாவைப் பார்த்தே தீருவேன் என்று குழந்தை பிடிவாதம் பிடித்தால், கரையில் ஒதுங்கிக் கிடக்கும் பச்சைப் புல்லில் ஓர் இழையை எடுத்துக் கொடுங்கள். அது அதன் சாப்பாடு.