சித்திரம் சொல்லிய பெயர்கள்

பெயரை எழுதுதற்கு எழுத்து வேண்டும். சித்திரம் பொருளைக் காட்டுமேயன்றிப் பெயரைச் சொல்லாதென்பது எமது பழைய கொள்கை. மாணவர் சங்கக் கூட்டமொன்றில் இதனை யாம் மிக்க உறுதியுடன் நாட்டிப் பேசிக் கைதட்டலும் பெற்றோம். அதன் பின்னர், மெக்ஸிகோ நாட்டுப் பழஞ்சுவடிகளின் படங்களடங்கிய நூலொன்று நூல்நிலையத்தில் எம் கைக்கு எட்டியது. அஃது எம் செருக்கை அடக்கியவாற்றை ஈண்டுக் கூறுவோம்.

ஆஸ்டெக் மக்கள் பேசிய மொழி நாவாட்டில் என்பதாம். 1521-ஆம் ஆண்டில் ஸ்பானியர் அவர்தம் தலைநகரைக் கைப்பற்றினர். அதற்குச் சுமார் இருபதாண்டுகளின் பின் வரையப்பெற்ற மெண்டோசா சுவடி இப்பொழுது ஆக்ஸ்போர்டிலுள்ள போட்லியன் நூல்நிலையத்தில் இருக்கின்றது. அதன்கண் அரசரெல்லாரும் பெரும்பாலும் ஒரே விதமாக அமர்ந்திருக்கின்றனர். முகத்தைக் கொண்டு இன்னாரென்றறிதல் அரிது. ஆயின், ஒவ்வொருவரிடமிருந்தும் மெல்லிய கோடொன்று சென்று ஒரு சிறு சித்திரத்தைத் தொடுகின்றது. அச்சித்திரமே அவர் பெயர். நாணற்றட்டைகளைப் பற்றிய கை, அகாமாபிச்ட்லி. புகையெழும் கேடயம், சிமால்போபோகா. எரிமலைக் கண்ணாடிக் கூர்கள் பதிந்த பாம்பு, இத்ஸ்கோவாட்ல். அப்பெயர்களின் பொருளும் அவையே.

"பொருள் விளங்கும் பெயருக்கு இது பொருந்தும், அயலார் பெயருக்கு யாது செய்வர்?" என்று எம் பழைய கொள்கை மீண்டும் தலைதூக்கியது. அதற்கும் விடை கிடைத்தது. அச்சுவடிக்குப் பெயர் தந்த மெண்டோசா என்பார், 1535 முதல் 1550 வரை அந்நாட்டை ஆண்ட ஸ்பானிய அரசப்பிரதிநிதி. பாரிஸிலுள்ள மற்றொரு சுவடியில், அவர் பெயருக்கு ஆனைக்கற்றாழையும், வளை தோண்டும் எலிபோன்றதொரு பிராணியும் வரையப்பட்டுள்ளன. கற்றாழை, மெட்ல்; பிராணி, தோசான். பொருளை விடுத்து ஒலியை மட்டும் கொள்ளின் 'மெதோசான்' என்றாகின்றது! இஃது எழுத்தன்றி வேறென்னை?

அரசர்க்கு மட்டுமே உரியதன்று இவ்வழக்கு. 1560-ஆம் ஆண்டில் எடுக்கப்பெற்ற ஹுவேஷோட்ஸிங்கோ குடிக்கணக்கில், எளிய குடிகள் ஆயிரக்கணக்கானோர் பெயரும் இவ்வாறே தீட்டப்பட்டுள்ளன. அவர்தம் பெயரை அவரே கண்டு அறிந்திருக்கக் கூடும் என்றெண்ணியபொழுது எம் உள்ளம் உருகிற்று.

விடுமுறையில் இதனை எம் பாட்டியாரிடம் உரைத்தோம். அவர் எழுத்தறியார், பத்திரங்களிலெல்லாம் கைந்நாட்டே இடுபவர். அவர் பெயரோ ஒரு பூவின் பெயர். சற்று மௌனமாயிருந்து, "அப்படியானால் என் பேரை நானே எழுதலாமே, கண்ணு!" என்றார். மறுநாட் காலையில் வாயிற்கோலத்தின் ஓரத்தே அப்பூ ஒன்று தனித்து மலர்ந்திருந்தது. அவ்வழிச் சென்றோர் அதனைக் கோலமென்றே கண்டனர்; பெயரென வாசித்தவர் யாம் மட்டுமே.

அடுத்த சங்கக் கூட்டத்தில் எமது பழைய கூற்றை யாமே மறுத்துப் பேசக் கருதியுள்ளோம், கைதட்டல் கிடைப்பினும் கிடையாதொழியினும்.