கடைசிப் படகும் 25எல் பஸ்ஸும்

ரங்கிடோட்டோ சுமார் 600 வருடங்களுக்கு முன் கடலிலிருந்து எழுந்த எரிமலை. உயரம் 260 மீட்டர்தான். ஆனால் தீவில் கடையே கிடையாது. கடைசிப் படகை விட்டால் தனிப்படகுக்குக் காசைக் கொட்ட வேண்டியதுதான். இறங்கும் வழியில் "அம்மா, கால் வலிக்குது" என்று மகள் எரிமலைக் கல்லில் உட்கார்ந்தபோது எனக்கு அடிவயிறு கலங்கியது. தூக்கிக்கொண்டே நடந்தேன். படகு கிடைத்தது, அப்பாடா!

நகரத்தில் 25எல் பஸ் ஏறினோம். டொமினியன் ரோடு வழியாக லின்ஃபீல்ட் வரை தூங்கினாள். (இறங்கும்போதும் கார்டைத் தட்டுங்கள், நான் ஒருமுறை மறந்து தண்டம் அழுதேன்.) இங்கே எல்லாரும் டிரைவருக்கு 'தேங்க் யூ' சொல்லித்தான் இறங்குவார்கள். வெளியே தமிழ் பேசவே கூச்சப்படுகிறவள், தூக்கக் கலக்கத்தில் "நன்றி மாமா" என்றாள். அவர் சிரித்துக் கையசைத்தார்.