காலி சாக்கெட்

சென்னை ரிச்சி தெருவில் சார்ஜர், கேபிள் கடைகளைத் தாண்டி ஒரு குறுகலான படிக்கட்டு. இரண்டு மாடி ஏறினால் பழைய சர்வர்களைப் பழுதுபார்க்கும் பட்டறை. நான் போனபோது மேசைமேல் டெல் பவர்எட்ஜ் ஆர்720 திறந்து கிடந்தது. 2012இல் வந்த மாடல், ஓர் அச்சகத்துக்குச் சொந்தமானது. இத்தனை வருடமும் ஒற்றைப் பிராசசரிலேயே ஓடியிருக்கிறது. பக்கத்துச் சாக்கெட் காலி. அதில் இரண்டாவது பிராசசரைப் பொருத்தத்தான் இங்கே வந்திருந்தது.

“முதல்ல இருக்கறதோட நம்பரைப் பாக்கணும் சார்” என்றார் பட்டறைக்காரர். பயாஸிலேயே அது தெரியும். ஆனால் அவருக்குக் கண்ணால் பார்த்தால்தான் திருப்தி. ஹீட் சிங்க்கைக் கழற்றி, காய்ந்த பேஸ்ட்டை ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தார். ஜியான் இ5-2670. எட்டு கோர், 115 வாட். ஜோடியும் அதே மாடலாக இருக்க வேண்டும். பெயருக்குப் பின்னால் ‘வி2’ என்றிருந்தால் அது அடுத்த தலைமுறை, இதோடு சேராது.

காலி சாக்கெட்டின் மேல் மூடி இல்லை. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தார். உள்ளே 2011 பின்கள், தலைமுடியைவிடக் கொஞ்சம்தான் தடிமன், நாற்று நட்ட வயல்போல ஒரே பக்கம் சாய்ந்து பொன்னிறமாக மின்னின. ஓரத்தில் ஒன்று மட்டும் மின்னவில்லை.

“யாரோ விரலை வெச்சிருக்காங்க. தம்பி, லென்ஸை எடு.”

இருபது வயதுப் பையன் ஒருவன் ஊசிமுனை ட்வீசரோடு குனிந்தான். அடுத்த நாற்பது நிமிடம் பட்டறையில் மின்விசிறிகூட ஓடவில்லை. அதிகம் வளைத்தால் பின் முறியும், அத்தோடு போர்டே வீண். சரியாக நிமிராவிட்டால் சில ராம்கள் கண்ணில் படாமல் போகலாம், மெஷினே எழுந்திருக்காமலும் போகலாம். அந்தப் பையனின் கை ஒருமுறைகூட நடுங்கவில்லை. இதைக் கற்றுத்தரும் வகுப்பறை எதையும் நான் பார்த்ததில்லை.

மற்றதெல்லாம் பத்து நிமிட வேலை. இரண்டாவது பிராசசரை முக்கோணக் குறி பொருந்தும்படி வைத்து, இரண்டு நெம்பிகளையும் அழுத்தி, புதுப் பேஸ்ட் தடவி, ஹீட் சிங்க் திருகுகளைக் குறுக்கும் மறுக்குமாக முடுக்கினார்கள்.

அடுத்தது ராம். இந்த மெஷினில் 24 இடம், பிராசசருக்குப் பன்னிரண்டு. இரண்டாவது பிராசசர் வரும்வரை அதன் பங்குப் பன்னிரண்டும் செயலற்றுக் கிடக்கும். இருந்த எட்டு ராமையும் நாலு நாலாகப் பிரித்துப் போட்டார். “அரிசி மொத்தத்தையும் ஒரு வீட்டுல வெச்சுட்டு ரெண்டு வீட்டையும் சமைக்கச் சொல்லக்கூடாது சார். ஒவ்வொரு பிடிக்கும் அடுத்த வீட்டுக்கு ஓடணும்.”

திரையில் பதினாறு கோர் தெரிந்தது. ராத்திரி முழுக்கச் சோதனையில் ஓடவிட்டுத்தான் கொடுப்பாராம். ஒரே கோரில் ஓடும் மென்பொருளை வைத்துக்கொண்டு வேகம் கேட்டு வருபவர்களை, “காசை வீணாக்காதீங்க” என்று திருப்பி அனுப்பிவிடுவதாகவும் சொன்னார். அந்த நேர்மைக்காகவே அவரிடம் வேலை கொடுக்கலாம்.

உங்கள் சர்வரிலும் ஒரு சாக்கெட் காலியாக இருந்தால், அதன்மேல் உள்ள பிளாஸ்டிக் மூடியைத் தயவுசெய்து கழற்றாதீர்கள்.